ஒன்பது பேரில் பத்தாவது ஆள்

போன அதிபர் தேர்தலில் எங்கள் பூத்தில் நானூற்று இருபத்தொரு ஓட்டு விழுந்தது. நானூற்றுப் பன்னிரண்டு எங்கள் கட்சிக்கு. மீதி ஒன்பது அந்தப் பக்கம். வாக்குப்பதிவு முடிந்ததும் இயந்திரம் துப்புகிற நீளச் சீட்டை, சாவடியாக இருக்கும் சர்ச்சின் கதவில் ஒட்டிவிடுவார்கள், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மறுநாள் காலை ஆர்டில் தெருவில் நாங்கள் அள்ளிய நானூற்றுப் பன்னிரண்டைப் பற்றி ஒரு நாய்கூடப் பேசவில்லை. அந்த ஒன்பது பேர் யார் என்பதுதான் பேச்சு. முடிவெட்டும் கடையில் ஓட்டிஸ் ஒவ்வொரு தலையாகப் பிடித்து, "நீதானே ஒண்ணு?" என்று கேட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுத்தான்.

அந்தப் பேச்சைத் தூண்டிவிட்டவர்களில் நானும் உண்டு. மறைப்பானேன். என் பெயர் வெர்னிடா காஸ்கின்ஸ். நகரத்தின் மேற்கே, டிராம் வண்டி திரும்புகிற இடத்தைச் சுற்றியுள்ள ஆறு தெருக்களுக்கு இருபத்து நாலு வருஷமாகக் கட்சியின் பூத் பொறுப்பாளர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். வாய் நீளம் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்வது சரிதான்.

என்னிடம் அறுநூற்றுச் சொச்சம் பெயர் உள்ள பட்டியல் ஒன்று உண்டு. பெயருக்குப் பக்கத்தில் நான் போடும் குறி மூன்று ரகம். தானாக வந்து போடுகிறவர்களுக்கு நட்சத்திரம். அவர்களை நான் தொந்தரவு செய்வதில்லை. மத்தியானத்துக்குள் வராவிட்டால் மட்டும் உடம்புக்கு என்னவோ என்று போய்ப் பார்ப்பேன். நாலு தடவை தட்டினால்தான் செருப்பை மாட்டுகிறவர்களுக்கு வட்டம். தேர்தல் நாள் முழுக்க என் பிழைப்பு அவர்களோடுதான். அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பெருக்கல் குறி. அந்தக் குறி விழுந்த கதவைத் தேர்தலன்று நாங்கள் யாரும் தட்டமாட்டோம். மறந்துபோய்த் தூங்குகிறவனை எழுப்பி எதிராளிக்கு ஓட்டுப் போட அனுப்ப யாருக்குப் பைத்தியம்? எல்லா பூத்திலும் இதுதான் வழக்கம்.

என் பட்டியலில் முதல் நட்சத்திரம் ஆர்லிஸ் பெட்டிஃபோர்டு. வயது எழுபத்தொன்பது. பள்ளிக்கூடங்களில் கொதிகலன் பார்த்துக்கொண்டிருந்தவர். ஏழு மணிக்குத் திறக்கிற சாவடிக்கு ஆறு மணிக்கே வந்து, மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்துவிடுவார். பழுப்பு கோட்டு, அதே நிறத்தில் தொப்பி. முப்பத்தொரு வருஷமாக எங்கள் பூத்தில் கையெழுத்துப் போடும் முதல் ஆள் அவர்தான். "எங்கம்மா தெற்கு கரோலினாவுல நாப்பத்தாறு வயசு வரைக்கும் ஓட்டுச் சாவடி வாசலையே பாக்கலை. கறுப்பருன்னு மிதிக்க விடலை. அதுக்காக நான் ஒரு மணி நேரம் முன்னாடி வந்தா உனக்கென்ன நஷ்டம்?" என்பார் யாராவது கிண்டல் செய்தால்.

எனக்கு ஆர்லிஸ் என்றால் இன்னொரு விஷயமும் உண்டு. தேர்தல் அன்று சாயங்காலம் நாலு மணிக்கு நான் எங்கே இருந்தாலும் அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். அவர் மனைவி ஜெனீவா ஆரம்பித்து வைத்த பழக்கம் அது. காலிலிருந்து ஷூவைக் கழற்றி, நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டு, காபியும், மாவுக்குள் சர்க்கரைவள்ளிக் கிழங்கை வைத்துச் சுடுகிற 'பை' என்ற இனிப்பும் சாப்பிட்டுவிட்டு, அரைமணி கழித்து மறுபடி தெருவில் இறங்குவேன். ஜெனீவா போன பிறகு பை கடையில் வாங்கியதாக மாறியது. காபி கொஞ்சம் கசந்தது. ஆனால் நாலு மணி மாறவில்லை. ஆர்லிஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

இந்தத் தேர்தலுக்கு ஆறு வாரம் முன்பு, எப்போதும் போல எங்கள் வேட்பாளர்கள் பெயரைக் குறித்த மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"இந்தத் தடவை வேண்டாம் வெர்னி. நீயே வச்சுக்கோ."

"ஏன், கண்ணாடி மாத்தணுமா? எழுத்து பொடிசா இருக்குன்னு போன தடவையும் புலம்பினீங்க."

"எழுத்து நல்லாத் தெரியுது. பேருதான் பிடிக்கலை."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மூலையில ஆம்புலன்ஸோட இருந்த தீயணைப்பு நிலையத்தை மூடினது யாரு? நம்ம ஆளுங்க. ஜெனீவாவுக்கு வாய் கோணிப்போய் நான் போன் போட்டப்ப ஆம்புலன்ஸ் வர எத்தனை நிமிஷம் ஆச்சு தெரியுமா? முப்பத்தெட்டு. சுவர்க் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே நின்னேன். அதுக்கப்புறம் ரெண்டு தேர்தல் வந்து போச்சு. ரெண்டுலயும் முதல் ஆளாப் போய் அவங்களுக்கே குத்தினேன். திறந்தாங்களா?"

"திறக்கறோம்னு சொல்லியிருக்காங்க, ஆர்லிஸ்."

"சொல்லுவாங்க. நம்ம ஓட்டு அவங்க சட்டைப் பையில இருக்கு. பைக்குள்ள இருக்கறதை எவன் வெளிய எடுத்துப் பாக்கறான்?"

"அப்ப அந்தப் பக்கம் குத்தப் போறீங்க. அப்படித்தானே?"

"நான் எங்க குத்துவேன்னு திரைக்குப் பின்னாடி போனதும் முடிவு பண்ணிக்கறேன். அது என் சமாச்சாரம்."

அங்கே நிறுத்தியிருக்கலாம். அவர் சொன்னதில் பாதி எனக்கும் தெரிந்த உண்மை. அந்த நிலையத்தைத் திறக்கச் சொல்லி நானே மூன்று மனு எழுதியிருக்கிறேன். ஆனால் என் பூத்தில், என் முதல் நட்சத்திரம், என்னைப் பார்த்து அப்படிச் சொன்னது தாங்கவில்லை.

"ஜெனீவா உயிரோட இருந்தா இதைக் கேட்டுட்டு உங்க மூஞ்சியில முழிப்பாளா, மிஸ்டர் பெட்டிஃபோர்டு?"

அவர் ஒரு அடி உள்ளே நகர்ந்தார். பிறகு கதவை மெதுவாகச் சாத்தினார். அடித்துச் சாத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

படியிறங்கும் முன்பே பட்டியலை எடுத்து நட்சத்திரத்தின் மேல் பெருக்கல் குறி போட்டேன். அதோடு விட்டேனா? ஓட்டிஸ் கடை வாசலில் நாலு பேர் நின்றார்கள். "அந்த ஒன்பது பேர்ல பத்தாவது ஆள் யாருன்னு கண்டுபிடிச்சாச்சு" என்றேன். அவ்வளவுதான். மறுநாள் ஆர்லிஸ் முடிவெட்டப் போனபோது ஓட்டிஸ் நாற்காலியைத் துடைத்து, "வாங்க மிஸ்டர் பத்து, உக்காருங்க" என்றானாம். கடையே சிரித்ததாம். அதன் பிறகு அவர் டிராம் ஏறி எங்கேயோ தூரத்தில் போய் முடிவெட்டிக்கொண்டார். சர்ச்சில் அவர் பெஞ்சில் முன்போல யாரும் நெருங்கி உட்காரவில்லை. யாரும் அவரைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. சும்மா ஒரு பேர் வைத்தோம். எழுபத்தொன்பது வயதில் தனியாக இருக்கிற மனுஷனுக்கு அது போதும்.

இரண்டு தடவை அவர் வீட்டுப் பக்கம் போய்விட்டுத் திரும்பினேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. தேர்தல் முடியட்டும், கோபம் தணியட்டும், ஒரு கிழங்குப் பை வாங்கிக்கொண்டு போய் நிற்போம் என்று நாளைத் தள்ளினேன்.

தேர்தல் நாள் தூறலோடு விடிந்தது. ஆறே முக்காலுக்கு நான் சர்ச்சுக்குப் போனபோது வரிசையின் முதலில் ராத்திரி வேலை முடிந்து வந்த ஒரு நர்ஸ் பெண் நின்றிருந்தாள். மடக்கு நாற்காலியைக் காணோம். சாவடி அதிகாரியாக உட்கார்ந்திருந்தவள் டெல்ஃபின். என்னோடு முப்பது வருஷமாகச் சர்ச்சில் பாடுகிறவள்.

"ஆர்லிஸ் எங்கடி? ஒண்ணாம் நம்பர் கையெழுத்தை வேற ஆள் போடறதைப் பாக்க எனக்கே ஒரு மாதிரியா இருக்கு" என்றாள்.

"வருவாரு. எங்க மூஞ்சியெல்லாம் பாக்க வெக்கமா இருக்கும். கூட்டத்தோட கூட்டமா வந்துட்டுப் போவாரு."

சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெட்கப்படட்டும் என்றுதான் நினைத்தேன்.

அன்று நல்ல கூட்டம். பதினொரு மணிக்கே இருநூறைத் தாண்டிவிட்டது. நான் வட்டம் போட்ட கதவுகளைத் தட்டித் தட்டி விரல் முட்டி சிவந்துபோயிருந்தது. ஒருத்தன் குளித்துக்கொண்டிருந்தான். வாசலிலேயே நின்று அவனைத் துடைக்கவைத்துக் கூட்டி வந்தேன். இரண்டு மணிக்கு ஒரு பிரெட்ஸல் ரொட்டியைக் கடித்துக்கொண்டு டெல்ஃபினின் மேசைப் பக்கம் வந்தபோது அவள் பேரேட்டைத் திருப்பிக் காட்டினாள். ஒவ்வொரு வாக்காளர் பெயரோடும் அவருடைய பழைய கையெழுத்து அச்சாகியிருக்கும், பக்கத்தில் இன்றைய கையெழுத்துக்கு இடம். பெட்டிஃபோர்டு, ஆர்லிஸ். பக்கத்து இடம் வெறுமையாக இருந்தது.

"தபால்ல போட்டிருப்பாரு" என்றேன்.

"தபால்ல போட்டிருந்தா இங்க குறிச்சிருக்கும். தபால்பெட்டியை நம்பற ஆளா அவரு? போய் ஒரு தட்டு தட்டிட்டு வாயேன்டி."

"அந்தக் கதவை நான் எதுக்குத் தட்டணும்? அந்தப் பக்கத்துக்கு நானே ஆள் பிடிச்சுக் குடுக்கவா?"

"அவரு ஆர்லிஸ்டி."

"இன்னிக்கு அவரு பெருக்கல் குறி."

டெல்ஃபின் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வாக்குப்பதிவு முடியும்வரை அவள் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க முடியாது. சட்டம் அப்படி. முடிந்திருந்தால் அவளே போயிருப்பாள்.

நாலு மணிக்கு நான் ஆர்லிஸ் வீட்டுத் தெருவில்தான் இருந்தேன். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை. அவருக்கு இடப்பக்கம் மிஸ் கோரா. அவளுக்குக் காது மந்தம், டிவி தெருவே கேட்க அலறும். அவளைக் கிளப்பி, மகன் காரில் ஏற்றி அனுப்பினேன். வலப்பக்கத்து வீட்டில் குடியிருப்பவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். அப்போது தூறல் பிடித்துக் கொட்ட ஆரம்பித்தது. பட்டியல் நனைந்துவிடக் கூடாதே என்று பக்கத்தில் இருந்த படியில் தாவி ஏறி, கூரைத் தகட்டின் அடியில் ஒதுங்கினேன். ஆர்லிஸ் வீட்டுப் படி. தெரிந்துதான் ஏறினேன். கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பட்டியலைப் புரட்டினேன்.

கால் வலி உயிர் போயிற்று. வழக்கமாக இந்நேரம் ஷூவைக் கழற்றியிருப்பேன் என்ற நினைப்பு வந்தது.

அப்போது கதவுக்கு உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. டக், டக், டக். மெதுவாக. கொஞ்சம் விட்டு மறுபடி மூன்று.

ஜன்னல் வழியாக என் முதுகைப் பார்த்துவிட்டார், தன் படியை விட்டு இறங்கச் சொல்லித் தட்டுகிறார் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் காபி குடித்த வீட்டில் மழைக்கு ஒதுங்கக்கூட எனக்கு உரிமை இல்லையா? சுர்ரென்று ஏறியது. திரும்பிப் பார்க்காமலே, "போறேன், போறேன், உங்க படியை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடந்தேன்.

ராத்திரி எட்டு மணிக்குச் சீட்டு வந்தது. நானூற்று நாற்பத்தேழு ஓட்டு. எங்கள் பூத்தில் இத்தனை பேர் வந்ததே கிடையாது. எங்களுக்கு நானூற்றுப் பதினாறு, அந்தப் பக்கம் முப்பத்தொன்று. கட்சித் தலைவர் போனில் கூப்பிட்டு, "வெர்னிடா, உன்னை மாதிரி பத்துப் பேர் இருந்தா போதும்" என்றார். டெல்ஃபின் மூட்டை கட்டிக்கொண்டே பேரேட்டைக் காட்டினாள். அந்த இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது. அந்த முப்பத்தொரு பேரிலும் ஆர்லிஸ் இல்லை. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சாய்வார், ஓட்டுப் போடாமல் இருக்கிற மனுஷன் இல்லை அவர். இது காலையிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் பதினாலு மணி நேரம் நின்ற கால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். தூங்கவும் தூங்கினேன்.

காலை ஏழு மணிக்கு டெல்ஃபின் என் வாசலில் நின்றாள். "போன் எடுக்க மாட்டேங்கறாரு. சாவி உங்கிட்டதானே இருக்கு?" ஜெனீவா படுத்த படுக்கையாக இருந்தபோது எனக்குக் கொடுத்த சாவி. இருவரும் ஓடினோம்.

கதவு பாதிதான் திறந்தது. அதற்குப் பின்னால் அவர் கிடந்தார். பழுப்புக் கோட்டு, தொப்பி பக்கத்தில் உருண்டு கிடந்தது. மாடிப்படியின் கடைசிப் படியில் கால் பிசகியிருக்கிறது. இடுப்பு எலும்பு போய்விட்டது. சமையலறையில் இருந்த போன் வரைக்கும் நகர முடியாமல், வாசல் பக்கம் தேய்ந்து தேய்ந்து வந்திருக்கிறார். வலது கையில் ஒரு ஷூவைப் பிடித்திருந்தார். கதவின் அடிப்பாகத்தில் ஷூவின் கறுப்புச் சாயம் தடம் தடமாக ஒட்டியிருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. அவசரம் ஒன்றும் இல்லாததால் எத்தனை நிமிஷம் என்று நான் பார்க்கவில்லை. வந்த ஆளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எப்ப போயிருக்கும் தம்பி?"

"நேத்து காலையில விழுந்திருக்கணும்மா. உசுரு ராத்திரிதான் போயிருக்கும். உடம்பைப் பாத்தா அப்படித்தான் தோணுது."

"நாலு மணிக்கு?"

"சாயங்காலமா? இருந்திருப்பாரு."

அவர் கோட்டுப் பையிலிருந்து எடுத்த பொருட்களை என் கையில் கொடுத்தான். மூக்குக் கண்ணாடி, அடையாள அட்டை, நாலாக மடித்த ஒரு காகிதம். யாருக்குப் போடுவது என்று எழுதி வைத்துக்கொள்ளும் வழக்கம் அவருக்கு உண்டு. அந்த மனுஷன் தரையில் கிடக்கிறார், எனக்கு அந்தக் காகிதத்தைப் பிரித்துப் பார்க்கக் கை துறுதுறுத்தது. அப்போதுதான் என்மேல் எனக்கே அருவருப்பு வந்தது. பிரிக்காமல் டெல்ஃபினிடம் கொடுத்து, வெளியூரில் இருக்கும் அவர் மகளிடம் சேர்த்துவிடச் சொன்னேன்.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. நாலு நாள் முன்பு வாக்கு இயந்திரங்கள் நின்ற அதே இடத்தில் நீள மேசை போட்டு, பொரித்த கோழியும் கீரையும் வைத்திருந்தோம். ஓட்டிஸ் மூலையில் உட்கார்ந்து கோழியைத் தொடாமல் அழுதுகொண்டிருந்தான். நான் பரிமாறினேன். கைக்கு வேலை இருந்தால்தான் நிற்க முடியும் போலிருந்தது.

சார்லட் நகரத்திலிருந்து வந்திருந்த ரோஸ்லின், ஆர்லிஸின் ஒரே மகள், என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"மிஸ் வெர்னிடா, உங்களுக்கு நன்றி சொல்லணும். எங்கூட வந்துடுங்கன்னு எத்தனை தடவை அப்பாவைக் கூப்பிட்டேன். வரமாட்டேன்னுட்டாரு. எனக்கு ஒண்ணுன்னா வெர்னி இருக்கா, அவ பட்டியல்ல நான்தான் மொத ஆளு, நான் வரலைன்னா கதவை உடைச்சுக்கிட்டு வந்துடுவான்னு சொல்லுவாரு. அதைக் கேட்டுத்தான் நானும் நிம்மதியா இருந்தேன்."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டெல்ஃபின் எதிரில் நின்று என்னையே பார்த்தாள்.

"போன வாரம் போன்ல பேசினப்பகூட, செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வெர்னி வருவா, கிழங்குப் பை வாங்கி வைக்கணும்னாரு. ஏதோ மனஸ்தாபம், அன்னிக்குச் சரியாப் போயிடும்னாரு. ஃபிரிட்ஜைத் திறந்தா பை அப்படியே இருக்கு." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நீங்க அன்னிக்கு எல்லார் வீட்டுக்கும் போயிருப்பீங்களே. அப்பா வீட்டுக் கதவைத் தட்டினீங்களா? சத்தமே இல்லையா உள்ள?"

பொய் சொல்ல நிறைய இடம் இருந்தது. தட்டினேன், பதில் இல்லை, வெளியே போயிருப்பார் என்று நினைத்தேன். அவள் நம்பியிருப்பாள். டெல்ஃபினும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள்.

"தட்டலைம்மா" என்றேன். "நாலு மணிக்கு அந்தப் படியிலதான் நின்னேன். உள்ள இருந்து உங்கப்பாதான் தட்டினாரு. என்னை விரட்டறாருன்னு நினைச்சு இறங்கிப் போயிட்டேன்."

ரோஸ்லின் கையை எடுத்துக்கொண்டாள். என்னை முதல் தடவை பார்ப்பவள் போலப் பார்த்தாள்.

"ஏன்? அவரு உங்களை எதுக்கு விரட்டணும்? நீங்க ஏன் கதவைத் தட்டலை?"

"அவரு எங்களுக்குப் போடமாட்டாருன்னு பேரைக் கழிச்சுட்டேன்."

பக்கத்து மேசையில் பேச்சு நின்றுவிட்டது. ரோஸ்லின் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தினால் தேவலை என்றும் இருந்தது. அவள் கத்தவில்லை. சின்னக் குழந்தை விவரம் கேட்கிற குரலில் கேட்டாள்.

"ஒரு ஓட்டுக்கா, மிஸ் வெர்னிடா?"

"ஆமாம்மா" என்றேன். "ஒரு ஓட்டுக்குத்தான்."